அப்பா பிடித்துக் கொடுத்த துணை

1

போன மாதம் ஒரு காலையில் இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். விசா நீட்டிப்புக்குக் கொடுத்த போட்டோவில் என் காது தெரியவில்லையாம். கவுன்டர் அம்மாள் அதை எனக்கு ஜெர்மனில் கத்திக் கத்திச் சொன்னாள். எனக்கு ஜெர்மன் புரியும், இரைச்சல்தான் புரியாது. திரும்பப் போட்டோ எடுத்து வந்து, திரும்ப டோக்கன் போட்டு, திரும்ப உட்கார்ந்திருக்கும்போது அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

"எம்மா மகேசு, ஒரு நல்ல சேதி. கவிதாவுக்குத் துணை கெடச்சிட்டு. நம்ம கழுகுமலை அண்ணாச்சிதான். லீவுல வந்திருக்காவள்லா, அவியளும் அதே ப்ளைட்டுலதான் திரும்புதாவளாம். பக்கத்து சீட்டே சொல்லி வாங்கிட்டேன். இனிமே நமக்கு என்ன கவல?"

என் டோக்கன் நம்பர் போர்டில் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவே இல்லை.

கவிதா என் தங்கச்சி. பத்தொன்பது வயது. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, இங்கே நர்ஸ் பயிற்சிக்கு இடம் வாங்கியிருக்கிறாள். அது எங்கள் வீட்டில் யாரும் அவளுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்த இடம் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் என்னை உட்கார வைத்த அதே ஆளுக்குப் பக்கத்தில் அவளையும் உட்கார வைக்கப் போகிறார் அப்பா. சந்தோஷமாக. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தத் துணை விஷயத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதை ஒரு கேவலம் என்று நினைப்பதில்லை.

எங்கள் ஊர் புதூர் பக்கம். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் ஆடு. காலேஜுக்கு எனக்குக் கோவில்பட்டி. பரீட்சை, இன்டர்வியூ என்று வேறெங்கே போவதென்றாலும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில்தான் ஏற வேண்டும். அப்பா என்னை பஸ்ஸில் ஏற்றிவிட மாட்டார். முதலில் அவர் ஏறுவார். படியில் நின்றுகொண்டு வரிசை வரிசையாகத் தலைகளைப் பார்ப்பார், சந்தையில் ஆடு பார்க்கிற அதே கண். ஒருத்தரைத் தேர்ந்தெடுத்ததும் விசாரணை ஆரம்பமாகும்.

"எந்த ஊரு?"

"பசுவந்தனை."

"பசுவந்தனைல எங்கன?"

"கோயிலுக்குப் பின்னால தெரு."

"ஆரு மக?"

அவ்வளவுதான். அப்பா யாரிடமும் சாதியை நேராகக் கேட்டதே இல்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஊர், தெரு, யார் மகள். மூன்றாவது கேள்வி முடியும்போது அவருக்கு வேண்டியது கிடைத்திருக்கும். முகம் மலரும். "நம்ம பொண்ணு, திருநேலி வரைக்கும் போகுது, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, கையில் இருக்கும் கடலை மிட்டாய் பாக்கெட்டில் ஒன்றை அந்த அம்மாள் மடியில் வைத்துவிட்டு இறங்குவார். காவல் கூலி.

அந்தப் பசுவந்தனை அம்மாள் கயத்தாறு தாண்டுவதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிவிட்டாள். தாழையூத்தில் இறங்க வேண்டியவள். நான்தான் உலுக்கி எழுப்பி, பையை எடுத்துக் கொடுத்து, கண்டக்டரிடம் விசில் அடிக்கச் சொல்லி இறக்கிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்கிறார்: "ஏட்டி, பஸ்ஸுல பூராம் போன்லயே பேசிட்டு வந்தியாமே?" தூங்கி வழிந்தவளுக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை மர்மம்.

துணை என்பதற்கு எங்கள் பக்கத்தில் இதுதான் அர்த்தம். பாதி காவல், மீதி வேவு. ஆபத்து வருமா என்று யாரும் யோசிப்பதில்லை. வந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்கலாம் என்று தெரிந்திருந்தால் போதும். ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள். விலாசம் இருக்கிறதா, நல்லவன்.

3

நான் இங்கே படிக்க முதன்முதலில் கிளம்பியது திருவனந்தபுரத்திலிருந்து. கார் பிடித்து, அப்பா, அம்மா, கவிதா, சித்தப்பா எல்லோரும் வந்திருந்தார்கள். ஏர்போர்ட் வாசலில் என்னை நிறுத்திவிட்டு அப்பா க்யூவை ஒரு நடை நடந்தார். பஸ் படியில் நின்ற அதே பார்வை.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தனியாக நின்றாள். கிராப் தலை, கையில் பச்சை குத்தியிருந்தாள், முதுகில் அவள் உயரத்துக்கு ஒரு பை. அப்பா அவளைத் தாண்டும்போது அம்மாவிடம் சொன்னார்: "ஒரு பொம்பளப் பிள்ளைய ஒத்தையில அனுப்பிவிட்டிருக்காம் பாரு. வெளங்குமா இது?"

அப்புறம்தான் அந்த ஆள் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, போனில் எங்கள் பக்கத்துப் பேச்சு.

"அண்ணாச்சி எந்த ஊரு?"

"கழுகுமலை."

"அடேயப்பா! கழுகுமலைல எங்கன?"

மூன்று கேள்வியும் முடிந்தது. அந்த ஆளின் அண்ணனுக்கும் என் சித்தப்பாவின் மச்சினனுக்கும் ஏதோ தீப்பெட்டி ஆபீஸ் பழக்கம் இருந்தது வேறு தெரியவந்தது. ஜெர்மனியில்தான் வேலையாம், வேறு ஊராம். அப்பா கிட்டத்தட்ட அழுதுவிட்டார். கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் இல்லை, அரை டஜன் பாக்கெட் கைமாறியது.

"சின்னப் பிள்ளை அண்ணாச்சி. ஒண்ணும் தெரியாது. செக்கிங் முடிஞ்சதும் பாஸ்போர்ட்ட நீங்களே வாங்கி வச்சிக்கிடுங்க, இவ தொலச்சிருவா."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நம்ம பிள்ளைலா."

எனக்கு இருபத்திரண்டு வயது. எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் டிஸ்டிங்ஷன். தலையை ஆட்டினேன். உள்ளே அவரே சொல்லிப் பக்கத்து சீட்டு வாங்கினார், செக்கிங் முடிந்ததும் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.

விமானம் மேலே போகிற வரைக்கும் அண்ணாச்சி. மேலே போனதும் போர்வையை எனக்கும் சேர்த்து இழுத்துப் போர்த்தினார். "குளிரும் தாயி" என்றார். போர்வைக்கு அடியில் அவர் கை என் தொடையில் வந்து உட்கார்ந்தது. தள்ளினேன். திரும்ப வந்தது. எழுந்து பாத்ரூமில் போய் நின்றேன், ஏர்ஹோஸ்டஸ் கதவைத் தட்டுகிற வரை. திரும்பி வந்தபோது அவர் சிரித்தார், "பயப்படாத, நான் இருக்கேம்லா" என்றார். நான் பயப்பட்டதே அதற்குத்தான்.

கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவர் சட்டைப் பையில் என் பாஸ்போர்ட் இருந்தது. அவர் போனில் என் அப்பா நம்பர் இருந்தது. பஸ்ஸாக இருந்தால் இறங்கிவிடலாம்.

வளைகுடாவில் விமானம் மாறும் இடத்தில் ஒரு மூலை பெஞ்சைக் காட்டி, "அங்கன போய்ப் படுப்போம், ஆள் நடமாட்டம் இருக்காது" என்றார். நான் நகரவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டேன். "ஒங்க அப்பா எங்கிட்டலா ஒப்படச்சாவ" என்றார். மூன்றாவது தடவை கேட்கும்போது என் குரல் உடைந்துவிட்டது.

எதிர் நாற்காலியிலிருந்து அந்தக் கிராப் தலைக்காரி எழுந்து வந்தாள். அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, பாதி மலையாளம் பாதித் தமிழில் கேட்டாள்: "இந்தச் சேட்டன் உனக்கு ஆரா?"

என் வாழ்க்கையில் முதல் தடவை யாரோ என்னிடம் ஒரு சரியான கேள்வி கேட்டார்கள்.

"யாரும் இல்ல," என்றேன்.

அவள் திரும்பினாள். மொத்த ஹாலுக்கும் கேட்கிற மாதிரி, "சேட்டா, அந்தக் குட்டியோட பாஸ்போர்ட்டு கொடு!" என்றாள். நாலு பக்கமும் தலைகள் திரும்பின. விபூதி வேர்த்துக் கரைந்தது. "நம்ம ஊருப் பிள்ளைன்னு பாத்துக்கிட்டா இப்படியா?" என்று முனகிக்கொண்டே பாஸ்போர்ட்டை எடுத்து நாற்காலியில் போட்டார். கொடுக்கவில்லை, போட்டார்.

அவள் பெயர் ஜிஷா. அடுத்த விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசி எனக்குத் தன் பக்கத்தில் இடம் மாற்றிக் கொடுத்தாள். என் ஊர், தெரு, அப்பா பெயர் எதையும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

4

வந்து சேர்ந்த மறுநாள் அப்பா போனில் திட்டினார். "அண்ணாச்சி எவ்வளவு தங்கமான மனுசன். நீ யாரோ ஒரு மலையாளத்துக்காரி கூடச் சேந்துட்டு அவியள மதிக்கவே இல்லையாமே. ஒரு தேங்க்ஸ் கூடச் சொல்லலையாமே?"

அந்த ஆள் எனக்கு முந்தி போன் செய்திருந்தார். அதில் அவர் கெட்டிக்காரர்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அப்பாட்ட சொல்லிராத. அடுத்த ப்ளைட்டுல ஒன்னைய வரச் சொல்லிருவாவ" என்றாள். உண்மைதான். எங்கள் வீட்டில் தப்பு எவன் செய்தாலும் வீட்டுக்குள் உட்காருவது நாங்கள்தான். படிக்க வந்தவள் படிக்க வேண்டும் என்பதற்காக வாயை மூடினேன். அந்த ஆளோ அப்பாவுக்குத் தினமும் முருகன் படம் போட்டு குட்மார்னிங் அனுப்பி, லீவில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா கையால் ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுப் போனார். அம்மா ஊற்றினாள். எப்படி ஊற்றினாள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இந்த ஊரைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. டிராமில் என்னைப் பார்த்து "உன் நாட்டுக்குப் போ" என்று கத்தியவன் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த நிமிடத்தில் ஜன்னலை ரசித்தார்கள். அன்றிலிருந்து நான் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் உட்காருவேன். ஆனால் கத்தினவனை விரோதி என்று தெரிந்துகொண்டு நகர்ந்துவிடலாம். "நம்ம பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவனிடமிருந்து எங்கே நகர்வது?

இங்கே இருக்கிற தமிழ் ஆட்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதில் முக்கால்வாசி "துணை தேவை" பதிவுதான். "அம்மா வருகிறார், ஆங்கிலம் தெரியாது, கூட வருபவர்கள் இருக்கிறீர்களா?" நியாயமான தேவை. ஆனால் ஒரு ஆள் கை தூக்கியதும் அடுத்த கேள்வியைப் பாருங்கள்: "நீங்க எந்த ஊர் சார்?" எம்.எஸ். படித்தவன் கேட்கிறான். கடல் தாண்டியும் அதே பஸ் படியில் நிற்கிறான்.

அப்பாவின் மெசேஜ் வந்த அன்று, வேறு வழி உண்டா என்று விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். கூட ஆள் வைத்து அழைத்து வரும் வசதி இருக்கிறதா என்றேன்.

"பயணி குழந்தையா?"

"இல்லை, பத்தொன்பது."

"நடக்க முடியாதவரா?"

"நன்றாக நடப்பாள்."

"பிறகு என்ன பிரச்சினை, மேடம்?"

"எங்கள் அப்பாதான் பிரச்சினை" என்று ஜெர்மனில் சொல்லத் தெரியும். சொன்னால் புரியாது என்பதால் வைத்துவிட்டேன்.

5

முதலில் அப்பாவிடம் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "கவிதா தனியா வரட்டும்பா. நான் இங்க ஏர்போர்ட்டுல நிக்கேன்."

"தனியாவா? நான் செத்த பெறவு அனுப்பு."

அடுத்து கவிதாவைக் கூப்பிட்டு, விமானத்தில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சீறினாள்.

"அக்கா, இத இப்ப எதுக்குச் சொல்லுத?"

"பெறவு எப்ப சொல்ல? நீ அவன் பக்கத்துல உக்காந்த பெறவா?"

"அப்பாட்ட சொல்லப் போறியா?"

"ஆமா."

"சொன்னா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா? அவன விட்டுருவாவ, என்னையத்தான் வீட்டுல போடுவாவ. ஒனக்கென்ன, நீ போய்ச் சேந்துட்ட. நான் ஊக்கு கொண்டு போறேன். கை வச்சான்னா குத்திருவேன். நீ வாய மூடு."

ஊக்கு. கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் எங்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புப் பயிற்சி. தங்கச்சி ஜெர்மனிக்கு வருவதற்கும் அதைத்தான் நம்பியிருக்கிறாள். அதை செக்கிங்கில் பிடுங்கினால்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் மேல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னேன். போர்வை, கை, பாஸ்போர்ட், பெஞ்ச், அன்று க்யூவில் முன்னால் நின்ற கிராப் தலை ஜிஷா. அப்பா கேமராவைப் பார்க்காமல் வேறெங்கேயோ பார்த்தார்.

"கழுகுமலைல அவிய குடும்பமே நமக்குத் தெரியும்லா," என்றார் கடைசியில்.

"குடும்பமாப்பா என் பக்கத்துல உக்காந்து வந்துச்சு?"

கவிதா சொன்னது மாதிரியே அடுத்தது வந்தது: "சரி. அப்ப கவிதா போகண்டாம்."

"ஏன்? அவன் போவாம்லா? அவன் போலாம், இவ போகக் கூடாதா? கை வச்சது இவளா?"

"குரல ஒசத்தாத."

"ஒசத்துவேன். அன்னைக்கு ஒசத்தல, அதான் அவன் நம்ம வீட்டுல கறி தின்னுட்டுப் போறான்."

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். "மூணு வருசத்துக்கு முன்னாலயே எங்கிட்ட சொல்லிட்டா. நீங்க இப்பிடிச் சொல்லுவியன்னுதான் நான் மறச்சேன். இப்பயும் இப்பிடித்தான் சொல்லுதிய." எழுந்து போய்விட்டாள். அப்பா போனை மல்லாக்க வைத்துவிட்டார். எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது.

6

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பா கழுகுமலைக்குப் போயிருக்கிறார். சொல்லாமல். விலாசம்தான் தெரியுமே. ஊர், தெரு, யார் மகன். வாழ்நாள் முழுக்க அவர் சேகரித்து வைத்த அந்த மூன்று பதிலுக்கும் அன்றுதான் ஒரு உருப்படியான வேலை கிடைத்தது.

மீதியை அம்மா சொன்னாள். அந்த ஆள் வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளியே வரவில்லை. அவர் அண்ணன்தான் வாசலில் நின்று பேசியிருக்கிறார். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"அந்த மனுசன் என்ன சொன்னாம் தெரியுமா?" என்றாள் அம்மா. "'பொம்பளப் பிள்ளைய ஒத்தையில சீமைக்கு அனுப்பிட்டு, அவ சொல்லுதத நம்பி எங்க வாசல்ல வந்து நிக்கீரே, வெளங்குமாய்யா இது?'ன்னு கேட்டானாம். தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சாம்."

"அப்பா என்ன சொன்னாவ?"

"'வெளங்கும். ஒன் தம்பிய வெளிய வரச் சொல்லு'ன்னாவளாம். அவன் வரல. மத்தியானம் வரைக்கும் அந்த வாசல்லயே நின்னுட்டு வந்திருக்காவ. வந்து சாப்பிடல. ஆட்டுக் கெடைலயே உக்காந்திருக்காவ."

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. அந்த "வெளங்குமா" எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். ஏர்போர்ட் க்யூவில் ஜிஷாவைத் தாண்டும்போது அவர் வாயிலிருந்து வந்ததுதான். சுற்றி வந்து, அவர் மகள் பேரில், அவர் காதிலேயே விழுந்தது. விழட்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஆள் டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்றிக்கொண்டதாகச் சித்தப்பா மூலம் தெரிந்தது. முருகன் படமும் நின்றது. ஆனால் கவிதா போகலாமா கூடாதா என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவிதா பெட்டியைக் கட்டி நடுவீட்டில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டாளாம்.

கிளம்ப வேண்டிய நாளுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஆடு கத்தியது.

"எம்மா, அந்த மலையாளத்துப் பிள்ளை... அது நல்லாருக்கா? நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு. அது காதுல விழுத மாதிரியே நான் அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன். கவிதாவுக்குக் காருக்குச் சொல்லியாச்சு."

ஜிஷாவுக்கு அனுப்பினேன். "காதில் விழுந்தது" என்று பதில் போட்டாள், ஒரு சிரிப்பு பொம்மையோடு.

7

கவிதா வருகிற அன்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு திறக்கும்போதெல்லாம் யார் யாரோ வந்தார்கள். கடைசியில் அவள் வந்தாள், ஒரு டிராலியில் இரண்டு பேர் பெட்டி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையில் துணி கட்டிய ஒரு பெண்மணி. அம்மா வயது இருக்கும். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்தம்மாளின் கையில் பிரித்த கடலை மிட்டாய் பாக்கெட்.

"யாருட்டி இது?"

"தெரியலக்கா. ப்ளைட்டு மாறுத எடத்துல போர்டு வாசிக்கத் தெரியாம அழுதுட்டு நின்னுச்சு. பாஷையும் புரியல. கையப் பிடிச்சிட்டு வந்துட்டேன். மகன் வருவான் போல, போன்ல அவன் படத்தக் காட்டுச்சு."

மகன் வந்தான். அந்தம்மாள் கவிதாவின் கன்னத்தைப் பிடித்து என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"அப்பா ஏர்போர்ட்டுல எப்படி?" என்றேன்.

"க்யூவ ஒரு நட நடந்தாவ. ஒருத்தர்ட்ட போய் நின்னாவ. நான் மொறச்சேன். திரும்பி வந்து மிட்டாய எங்கையிலயே தந்துட்டாவ. 'நீயே பாத்துக் குடு'ன்னாவ."

வீட்டுக்கு வீடியோ கால் போட்டோம். அம்மா அழுதாள். அப்பா கவிதாவை மேலும் கீழும் பார்த்தார், சேதாரம் ஏதும் இருக்கிறதா என்கிற மாதிரி. கவிதா அந்தப் பெண்மணி கதையைச் சொன்னாள். அப்பா ஆர்வமாக முன்னால் நகர்ந்தார்.

"அப்பிடியா! அவிய எந்த..."

நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்தோம். அப்பா வாயை மூடினார். தொண்டையைச் செருமினார்.

"சரி, சாப்பிடுங்க," என்றார்.

பாதிக் கேள்வி நின்றிருக்கிறது. மீதியும் நிற்கிற வரைக்கும் நான் லீவுக்கு வருவதாக இல்லை. அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.